இல்லாவிட்டாலும் நிற்காதே

பிரிக்ஃபீல்ட்ஸ்
17 மார்ச் 2025

மேன்மை தங்கிய கிள்ளான் ஜமீன் லெஸ்லி துரை அவர்களின் திருவிரல்களுக்கு,

இதுவரை எவரும் நம்பாத, இனியும் எவரும் நம்பப்போகாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று, செத்துப்போன என் இரண்டு கண்களின் மேலும் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

பதினொரு முறை போன் அடித்தேன். பன்னிரண்டாவது முறை உன் வீட்டம்மா கெர்ட்ரூட் எடுத்தாள். “அண்ணே, அவரு பேசமாட்டாராம். எழுதி அனுப்பச் சொல்றாரு. உங்க குரலைக் கேட்டா சிரிச்சிடுவாராம். இப்ப சிரிக்கக் கூடாதாம்” என்றாள். ஆகவே கட்டிலுக்கு அடியிலிருந்து பிரெய்ல் பலகையையும் ஊசியையும் தேடி எடுத்துக் குத்த ஆரம்பித்திருக்கிறேன். பார்வையற்றவன் எழுதும் கடிதத்துக்குத் தபால்தலை வேண்டாம் என்பது எவ்வளவு வசதி. இல்லாவிட்டால் என் பொய்களின் எடைக்குத் தபாலாபீசே என் பெயரில் ஒரு லோரி அனுப்ப வேண்டியிருக்கும்.

பின்னால் வரும் சரித்திர ஆசிரியர்கள் குழம்பக்கூடாது; ஆதியிலிருந்து எழுதுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், என்னையும் சேர்த்து, தனியாக வாழும் பார்வையற்றவர்கள் பன்னிரண்டு பேரைக் காக்க இரண்டு குருடர்கள் ஓர் இயந்திரத்தை எழுப்பினார்கள். உன் வீட்டுப் பின்னறையில், அரிசித் தொட்டிக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே அது வீற்றிருந்தது. லினக்ஸ் என்ற இலவசத் தாய்ப்பாலைக் குடித்து வளர்ந்தது. தினமும் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேருக்கும் வரிசையாகப் போன் அடிக்கும். எடுத்து ஒன்றாம் எண்ணை அமுக்கினால் ஆள் உயிரோடு இருக்கிறார். அமுக்காவிட்டால் மறுபடி அடிக்கும். அப்போதும் பதில் இல்லையென்றால், சாவி வைத்திருக்கும் அண்டை வீட்டுக்கு அடிக்கும். நீ கிள்ளானில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தும், நான் இங்கே நான்காம் மாடியிலிருந்து இணையம் வழியாக உள்ளே நுழைந்தும், எழுத்தைப் படித்துச் சொல்லும் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு அதன் அடிவயிற்றுக் கோப்புகளைத் திருத்தி வந்தோம். கணினித் திரையை முதல் வாரமே கோப்பிக்கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். நமக்கு எதற்கு அது என்று நாம் சிரித்த சிரிப்பில் அந்தக் கடைப் பூனை மூன்று நாள் மீன் தின்னவில்லை.

இனி, நம்ப முடியாத பகுதி. சென்ற ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, நீயும் கெர்ட்ரூடும் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரம், கிள்ளான் ஆற்றிலிருந்து எண்பது அடி முதலை ஒன்று கரையேறியது. தலைமை மின்கம்பியைப் பற்களால் கவ்வி இழுத்தது. ஊரே இருண்டது. நமக்கு அது புதிதில்லை, ஊருக்குத்தான் புதிது. கரண்ட் திரும்பியபோது அதில் பாதி முதலைக் கோபம் கலந்திருந்தது. அதைக் குடித்த இயந்திரம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் மௌனவிரதம் இருந்தது. எவருக்கும் போன் போகவில்லை. இதில் மனிதன் கை எங்கும் படவில்லை என்பதை அழுத்திக் குத்துகிறேன், தடவிப் பார்.

நான் யார்? அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டுகள் தொலைபேசி இயக்கியவன். சிலாங்கூர் மாநிலத்தின் நாற்பதாயிரம் எண்களும் என் மண்டைக்குள் இருக்கின்றன. பழைய சுல்தான் காலத்து எண்களைக்கூட என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அப்பேர்ப்பட்ட தலையையே ஏமாற்றிவிட்டு நடந்த காரியம் மனிதக் காரியமாக இருக்க முடியுமா, சொல்.

அந்தப் பன்னிரண்டில் ஒருவரான நாகையாவை எரித்து ஆறு நாள் ஆகிறது. சுடுகாட்டில் நீ என் பக்கத்தில்தான் நின்றாய். உன் கைத்தடி என் செருப்பின்மேல் இருந்தது.

போனை எடு லா.

சபாபதி


கிள்ளான்
21 மார்ச் 2025

சபா,

உன் கடிதம் வந்தது. என்ன எழுதியிருக்கிறார் என்று கெர்ட்ரூட் கேட்டாள். முதலை என்றேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நடந்ததை நான் எழுதுகிறேன். தவறிருந்தால் திருத்து.

வெள்ளிக்கிழமை மாலை இடிமழை. ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை. நாங்கள் கோயிலிலிருந்து திரும்பும்போது வந்துவிட்டிருந்தது. பின்னறையில் பெட்டியின் காற்றாடி ஓடும் சத்தம் கேட்டது. நன்றாக இருக்கிறது என்று நினைத்துப் படுத்துவிட்டேன். அது சரியாக எழுந்தால் மூன்று சுரம் வாசிக்க வைத்திருந்தோம் அல்லவா. வாசித்ததா இல்லையா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. எங்களுக்கு அது போன் அடிப்பதில்லை என்பதால் சனி, ஞாயிறு நான் எதையும் அறியவில்லை. திங்கட்கிழமை நாகையா இருந்த சுங்கை வேயிலிருந்து செய்தி வந்த பிறகுதான் போய் உட்கார்ந்தேன். தட்டினேன். குரல் வரவில்லை. அணைத்துப் போட்டேன். வரவில்லை.

புதன்கிழமை கெர்ட்ரூட் ஹாலிலிருந்து டிவியைத் தூக்கிவந்து மாட்டினாள். அதில் இருந்ததை மெல்ல வாசித்தாள். பதிவுகள் வைக்கும் வட்டு கிடைக்கவில்லை, அதனால் நின்றுவிட்டேன், கடவுச்சொல்லைக் கொடு அல்லது என்டர் தட்டு என்று அது கேட்டுக்கொண்டிருந்தது. ஐந்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நமக்குப் படித்துச் சொல்லும் குரல் எழுவதற்கு முந்தைய படியிலேயே நின்றுவிட்டது. கண் உள்ளவனுக்கு அது ஒரு கேள்வி. நமக்கு ஒன்றுமே இல்லை. அந்தத் திரையை நாம் கோப்பிக்கடைக்குக் கொடுத்திருந்தோம்.

வட்டைக் கழற்றியது நான். கரண்ட் போவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, அது சூடாக இருந்தது, ஆறட்டும் என்று எடுத்து மேசையில் வைத்தேன். அதனால் கெடுதல் வந்திருக்கக் கூடாது. வட்டுகளின் பட்டியல் இருக்கும் அந்தக் கோப்பில், பழைய வட்டுக்கான வரியின் கடைசியில், ‘இது இல்லாவிட்டாலும் நிற்காதே’ என்று இயந்திரத்துக்குச் சொல்லும் சொல்லை நானே நான்கு ஆண்டுகளுக்கு முன் போட்டிருந்தேன். இப்போது பார்க்கிறேன், புதிய வட்டுக்கான வரியில் அந்தச் சொல் இல்லை.

கோப்பு மாற்றப்பட்டது தைப்பூசத்தன்று பிற்பகல் இரண்டு பத்துக்கு. நீ வாங்கி அனுப்பிய பெரிய வட்டைச் செருகிவிட்டு, கோப்பைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நான் காய்ச்சலில் படுத்திருந்த நாள் அது. எழுந்தபோது வேலை முடிந்திருந்தது. நீ செய்தாயா என்று உன்னைக் கேட்டேன். கிள்ளான் பேய்கள் செய்திருக்கும் என்று சிரித்தாய். அப்படியென்றால் மாத்திரை மயக்கத்தில் நானே எழுந்து செய்துவிட்டு மறந்திருக்கிறேன். நாம் இருவரும் ஒரே பெயரில்தான் உள்ளே போகிறோம். யார் என்று அது குறித்துவைப்பதில்லை. வந்துபோன தடங்களையும் மாதம் ஒருமுறை அழிக்கும்படி நாம்தான் வைத்தோம்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. திருத்துமுன் கோப்பைத் தேதி போட்டு நகல் எடுப்பேன். திருத்திய பிறகு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். மறுபடி அணைத்துப் போடுமுன் சோதித்துப் பார்ப்பேன். காய்ச்சலில் என் பெயரை மறந்தாலும் இவற்றை மறப்பேன் என்று தோன்றவில்லை. அன்றைய தேதியில் நகல் இல்லை. எல்லா இடத்திலும் தேடினேன். நீ எங்காவது எடுத்து வைத்திருக்கிறாயா? இது ஒன்றுதான் கேள்வி.

நாகையா குளியலறை வாசலில் கிடந்தார். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சனிக்கிழமை விடியலில் விழுந்திருக்க வேண்டும், ஞாயிறு மாலைவரை உயிர் இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக அவர் அக்கா மாரியாயி சொன்னார். சாவி வைத்திருந்த கீழ்வீட்டுப் பெண் இரண்டு நாளும் வீட்டில்தான் இருந்திருக்கிறாள். போன் வந்தால் போகலாம் என்று.

ஏப்ரல் ஒன்பது முப்பத்தோராம் நாள் படையல். அன்று ஜெஞ்சாரோம் போய் மாரியாயி அக்காவிடம், உங்கள் தம்பி என் கையால் செத்தார் என்று சொல்லப்போகிறேன்.

லெஸ்லி


பிரிக்ஃபீல்ட்ஸ்
25 மார்ச் 2025

அடேய் லெஸ்லி,

ஜமீன் பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனி நீ வெறும் லெஸ்லி. ஜெஞ்சாரோமுக்கு நீ போகக்கூடாது என்று இந்த நான்காம் மாடி அரசாங்கம் உத்தரவிடுகிறது. மீறினால் ஆயிரம் யானைகளைக் கிள்ளான் சாலையில் படுக்கவைத்துப் போக்குவரத்தை மறிப்பேன்.

நகல் என்னிடம் இல்லை. நகலாவது, அசலாவது. உன் கையால் செத்தார் என்று எப்படிச் சொல்வாய்? எழுபத்துநான்கு வயது, சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, நாற்பது வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுவதற்கும் முதுகு பிடித்துவிட்ட மனிதர். அவர் கட்டைவிரல் பட்டால் மலையே நெட்டி முறிக்கும். என் தோளை ஒருமுறை பிடித்தார். அடுத்த மூன்று வருஷம் நான் தோளில்லாமலேயே மிதந்து திரிந்தேன். அவருக்குக் காலம் வந்தது, போனார். குளியலறை ஈரமாக இருந்தது. அதற்கு நீ என்ன செய்வாய்?

மாரியாயி அக்காவுக்கு வட்டு தெரியுமா, கோப்பு தெரியுமா? அந்தப் பாவப்பட்ட பெண்ணுக்குச் செம்பனைத் தோட்டத்து உரமூட்டை தெரியும், தம்பியைத் தெரியும். நீ போய் உன் பாவத்தை இறக்கி வைத்துவிட்டு இலேசாக பஸ் ஏறிவிடுவாய். உன் பாதிரியாரிடம் பலகைக்குப் பின்னால் முழங்காலிட்டுச் சொல், அதற்குத்தானே அவர் உட்கார்ந்திருக்கிறார். அக்காவை விட்டுவிடு.

அத்துடன், ஒரு என்டரில் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறாய். அவ்வளவு எளிதா? நானே இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் அந்தப் பெட்டியின் கதவைத் தட்டிக்கொண்டு கிடந்தேன். பதினாறு வாசலாலும் நுழைந்து பார்த்தேன். செவிட்டுச் சுவர். உலகத்தின் எந்தக் கொம்பனாலும் வெளியிலிருந்து அதை எழுப்பியிருக்க முடியாது. ஆகவே உன்மேல் குற்றமில்லை என்று தீர்ப்பெழுதி, பேனாமுனையை முறிப்பதற்குப் பதிலாக ஊசியை வளைக்கிறேன்.

இந்த வாரம் மீன் வாங்கினாயா? கெர்ட்ரூடின் மீன் குழம்பு வாசனை கமுட்டர் ரயிலேறி இங்கே வரும். வரவில்லை.

சபாபதி


கிள்ளான்
29 மார்ச் 2025

சபா,

உன் கடிதத்தை மூன்று முறை தடவினேன்.

இரண்டு நாள் தட்டிக்கொண்டு கிடந்ததாக எழுதியிருக்கிறாய். எந்த இரண்டு நாள்? திங்கட்கிழமை பத்து மணிக்கு உனக்குப் போன் செய்து, நாகையா போய்விட்டார், பெட்டியும் பேசவில்லை என்று சொன்னவன் நான். அதைக் கேட்டு நீ செய்த முதல் காரியம் டாக்சி பிடித்துச் சுங்கை வேக்கு வந்தது. அன்று முழுக்க என்னோடு இருந்தாய். மறுநாள் சுடுகாடு. புதன்கிழமை கெர்ட்ரூட் டிவியை மாட்டிவிட்டாள்.

பெட்டியைத் திறந்த நாளிலிருந்து நான் அதை ஓட்டவில்லை. போன் கொண்டு நானே அழைக்கிறேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்துப் பேருக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. அவ்வளவுதான் ஆகிறது, சபா. மலருக்குப் பேச்சு நீளும் என்பதால் அவளைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

நேற்று மலர் சொன்னாள்: “சனிக்கிழமை போன் வரலைன்னு ஏழு மணிக்கே சபா அங்கிளுக்கு அடிச்சேனே. மெஷின் அம்மா வீட்டுக்குப் போயிருக்கு, திங்கக்கிழமை வந்துடும்னு சொன்னாரு. நானும் சிரிச்சிட்டு வெச்சிட்டேன்.” உங்களுக்குத் தெரியாதா என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

உனக்கும் ஆறு பத்துக்கு அடிக்க வேண்டியது. அன்று அடிக்கவில்லை. மலர் சொல்வதற்கு முன்பே உனக்குத் தெரியும்.

நகல் எடுக்காதவன் யார் என்று இனி கேட்கமாட்டேன். ஏன் எனக்கு ஒரு போன் செய்யவில்லை என்று மட்டும் கேட்கிறேன். நான் பெட்டியிலிருந்து பதினைந்து அடி தூரத்தில் படுத்திருந்தேன்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். ஜெஞ்சாரோமுக்கு ஒன்பதாம் தேதி போகிறேன். வட்டைக் கழற்றியது நான்தான், அதைச் சொல்வேன். மற்றதைச் சொல்வதா வேண்டாமா என்று அதற்குள் எழுது.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உன்னையும் அழைப்பேன். ஆறு பத்துக்கு. எடுத்து ஒருமுறை இருமு. பேசாதே.

லெஸ்லி


பிரிக்ஃபீல்ட்ஸ்
4 ஏப்ரல் 2025

லெஸ்லி,

நான்கு நாளாக இருமுகிறேன். இன்று காலை நீ உடனே வைக்கவில்லை. உன் மூச்சு கேட்டது. ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன், அதற்குள் வைத்துவிட்டாய். நல்லது. பேசியிருந்தால் யானையோ முதலையோதான் வெளியே வந்திருக்கும்.

தைப்பூசத்தன்று நீ காய்ச்சலில் கிடந்தாய். எழுந்து பார்க்கும்போது வேலை முடிந்திருந்தால் எப்படித் திகைப்பாய் என்று எனக்கு ஒரு விளையாட்டு. உள்ளே போனேன். பழைய வரியில் வட்டின் அடையாளம் மட்டும் மாற வேண்டும். அந்தக் குரல் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே போனது, முப்பத்தாறு எழுத்து. ஒருமுறை கேட்டேன், மனத்தில் பதிந்துவிட்டது. பிறகு பழைய வரியைத் திருத்தாமல் அழித்துவிட்டு, முழு வரியையும் நினைவிலிருந்தே அடித்தேன். முப்பத்தாறு எழுத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் நீ போட்டிருந்த ஒரு சொல்லைத்தான் விட்டுவிட்டேன். நகல் எடுக்கவில்லை. வித்தியாசத்தைக் கேட்கவில்லை. சோதிக்கவில்லை. வட்டு செருகியிருந்ததால் எல்லாம் ஓடியது. நீ கேட்டபோது பேய் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு பேய் அல்ல என்று சொல்ல ஒரு நேரம் வாய்க்கவே இல்லை.

சனிக்கிழமை ஆறு பத்துக்குப் போன் அடிக்கவில்லை. உள்ளே நுழையப் பார்த்தேன். பதில் இல்லை. நான் தொட்டதுதான் என்று தெரிந்துவிட்டது. உனக்குப் போன் செய்தால் நீ கேட்கும் முதல் கேள்வி நகல் எங்கே என்பது. ஞாயிறுக்குள் எப்படியாவது திறந்துவிடும், திங்கட்கிழமை அதுவாகவே சரியாகிவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வெளியிலிருந்து திறக்காது என்று சனிக்கிழமை மத்தியானமே தெரியும். தெரிந்தும் தட்டிக்கொண்டிருந்தேன். மலரிடம் அம்மா வீடு என்று சொன்னேன். அவள் சிரித்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று ஜெஞ்சாரோம் போனேன். ரயிலில் கிள்ளான் வந்து பஸ் மாறினேன். உன் தாமான் குடியிருப்பு இருக்கும் சாலையைத் தாண்டித்தான் அது போகிறது. மணியை அழுத்தும் கம்பியில் கை வைத்திருந்தேன். அழுத்தவில்லை. சாலை முக்கில் ஒரு புண்ணியவான் என் தடியைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் விட்டார்.

மாரியாயி அக்கா நாற்காலி போட்டார். கோப்பி கலக்கிவந்து கிளாஸைக் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். தம்பிக்குச் செய்து பழகிய கை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வட்டைக் கழற்றியது லெஸ்லி, ஆனால் அவன் கழற்றினாலும் கெடாதபடி அவன் செய்து வைத்திருந்ததைக் கெடுத்தவன் நான் என்று சொன்னேன். மலர் போன் செய்ததையும் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் பழக்கதோஷத்தில் ஒரு வேடிக்கை வார்த்தை வந்துவிட்டது. கோழிகள் மட்டும் கொக்கரித்துக்கொண்டிருந்தன.

முடித்ததும் கேட்டார்.

“நீங்க சொல்ற ஃபைலு, வட்டு எல்லாம் எனக்கு வெளங்கலங்க. மெஷினு கெட்டுப்போறதுதான். சனிக்கெழம காலையிலேயே தெரியும்ங்கிறீங்க. அவன் நம்பரு ஒங்ககிட்ட இல்லீங்களா?”

திட்டுவதுபோல் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் கிளாஸை உருட்டிக்கொண்டிருந்தேன். கோப்பி ஆறிவிட்டது என்று வாங்கிக்கொண்டு போனார். வேறு கோப்பி வரவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படையலுக்கு வாருங்கள் என்று என்னைச் சொல்லவில்லை. நீ போ. உன்னை எதிர்பார்க்கிறார்.

கோப்பிக்கடைக்காரர் அந்தத் திரையை இன்னும் வைத்திருக்கிறாராம், கேட்டுவிட்டேன். கெர்ட்ரூட் போனால் கொடுப்பார். பெட்டியின் பக்கத்தில் இருக்கட்டும். என்னை மறுபடி உள்ளே விடாதே. நான் கேட்டாலும் விடாதே.

எனக்கு எழுத வேண்டாம். காலையில் அடித்தால் போதும்.

முதல் கடிதத்தில் ஒரு கதை சொல்வதாகச் சத்தியம் செய்தேன். அதில் முதலை பொய். முதலைக் கோபம் கலந்த கரண்ட் பொய். மனிதன் கை படவில்லை என்று அழுத்திக் குத்தியது பொய்யிலும் பெரிய பொய். நாற்பதாயிரம் எண்களும் பொய். ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அடுத்தவரிடம் கேட்டுத்தான் போடுவேன். பன்னிரண்டு எண்கள்தான் எனக்கு மனப்பாடம். அதில் ஐந்தாவது நாகையாவுடையது. அந்த ஒரு சிறு பகுதி மட்டும் உண்மை, லெஸ்லி. சனிக்கிழமை காலை முழுவதும் அந்த எண் எனக்குத் தெரியும்.

சபாபதி